டியூப்லெஸ் பஞ்சர்: ஸ்ட்ரிப்பா, மஷ்ரூமா? யாரிடம் கொடுப்பது?

கார் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலான பஞ்சர் கடைகளில் முதலில் கைக்கு வருவது, வெளியிலிருந்தே ஓட்டைக்குள் திணிக்கும் ரப்பர் திரியான ஸ்ட்ரிப்தான். ரிம்மிலிருந்து டயரைக் கழற்ற வேண்டாம், பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். அதே ஓட்டைக்கு, டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து ஒட்டும் மஷ்ரூம் பேட்ச் வைக்கச் சொன்னால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும், கூலியும் இரண்டு மூன்று மடங்கு வரும். நான்கு வழிச்சாலையில் 100 கி.மீ. வேகத்தில், குடும்பத்தோடு போகிற காருக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஸ்ட்ரிப் அவசரத்துக்கு நல்லது. அதையே நிரந்தர வேலையாக நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்பதைத்தான். தரையில் படும் ட்ரெட்டின் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டையை மட்டுமே ஒட்டலாம். பென்சில் நுழைகிற அளவு என்றால் அது எல்லை தாண்டிவிட்டது. பக்கச்சுவரிலும், ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டை ஓரத்திலும் எந்த ஒட்டும் நிற்காது. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த இடம் மடங்கி விரிகிறது. ஒட்டின் விளிம்பு மெல்ல மெல்லப் பெயர்ந்து வந்துவிடும். ‘சைடுல போட்டாலும் நிக்கும் சார்’ என்று சொல்பவரிடம் பேச்சை வளர்க்காமல் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்ட்ரிப் வேலையில் ஆணியைப் பிடுங்கியதும், முறுக்குப் பல் உள்ள ஊசியை அந்த ஓட்டைக்குள் விட்டுத் துருவுவார்கள். பிறகு ரப்பர் திரியைக் காதுள்ள ஊசியில் கோத்து, சொல்யூஷன் (ரப்பர் பசை) தடவி, இரண்டு நுனியும் வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஊசி போகும் கோணம். ஆணி சாய்வாக ஏறியிருக்க, ஊசியை நேராகக் குத்தினால் ட்ரெட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கில் புதிதாக இன்னொரு வழி உண்டாகிவிடும். அளவுக்கு மீறித் துருவினாலும் கம்பி இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டி ஓட ஓட அந்த முனைகளே திரியை அறுக்கும். ஸ்ட்ரிப் போட்ட சில மாதத்தில் அதே இடத்தில் காற்று இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திரியைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் கம்பி அடுக்கு துருப்பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

இதைவிடப் பெரிய குறை, டயரின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான். காற்று இறங்கியது தெரியாமல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால்கூடப் பக்கச்சுவர் உள்ளுக்குள் நசுங்கி அரைபட்டிருக்கலாம். டயரைக் கழற்றினால் உள்ளே மிளகுத்தூள் கொட்டியதுபோல் கருப்பு ரப்பர் பொடி கிடக்கும், சுவரைச் சுற்றி ஒரு தேய்ந்த வளையம் தெரியும். அந்த டயரை ஒட்டவே கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்ட்ரிப் போட்டுக் காற்றடித்தால் அது நல்ல டயர் மாதிரியே நிற்கும். வேகத்தில் போகும்போது பக்கச்சுவர் வெடிக்கலாம்.

மஷ்ரூம் பேட்சுக்குப் பெயர் வந்தது அதன் உருவத்தால். காம்பு ஓட்டையை அடைக்கும், குடை உள்பக்கத்தை மூடும். அமெரிக்க டயர் தயாரிப்பாளர்கள் சங்கம் ஏற்றுக்கொள்வதும் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் பழுதுநீக்கத்தைத்தான்; வெறும் திரியையும் வெறும் பேட்சையும் அது ஏற்பதில்லை. வெறும் பேட்ச் காற்றை நிறுத்திவிடும், ஆனால் ட்ரெட் பக்கம் ஓட்டை திறந்தே இருப்பதால் மழைத்தண்ணீர் நேராகக் கம்பிக்குப் போகும்.

ஆனால் மஷ்ரூம் வைத்தாலே போதாது, வைக்கிற விதம் முக்கியம். கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். திரும்ப அதே இடத்தில் பொருத்தினால் பேலன்ஸ் அதிகம் மாறாது. ஆணி போன கோணத்திலேயே கட்டர் விட்டு ஓட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். உள்பக்கம் பேட்ச் உட்காரும் இடத்தைவிடச் சற்று அகலமாக, மெதுவான வேகத்தில் தேய்க்க வேண்டும். வேகமாகத் தேய்த்தால் ரப்பர் கருகும், ஆழமாகத் தேய்த்தால் நூலடுக்கு வெளியே தெரியும். இரண்டிலுமே பேட்ச் பிடிக்காது. பொடியை நன்றாகத் துடைத்துவிட்டு சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, சில நிமிடம் காய விட வேண்டும். அவசரக்காரர்கள் கெடுப்பது இங்கேதான். ஈரமாக இருக்கும்போதே பேட்சை அழுத்தினால் அடியில் குமிழ் தங்கி, ஒரு வாரத்தில் ஓரம் தூக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக்கூடாது, அதுதான் பதம். காம்பை வெளிப்பக்கமாக இழுத்து, குடையை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்தி, காம்பை ட்ரெட்டுக்கு மேல் 3 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்டினால் காம்பு உள்ளே சுருங்கிவிடும்.

‘உள்ளே டியூப் போட்டுடலாம் சார், தொல்லையே இருக்காது’ என்ற யோசனையும் வரும். வேண்டாம். டியூப்லெஸ் டயரின் உள்சுவர் டியூபுக்காக வழவழப்பாகச் செய்யப்பட்டதல்ல. உரசலில் சூடேறி டியூப் தேயும். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று பெரும்பாலும் மெல்லக் கசியும், ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். டியூப் கிழிந்தால் காற்று சட்டென்று போய்விடும்.

சீலன்ட் திரவம், இரவில் நிற்கவே பயமான இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு உதவும். பெரும்பாலானவை 80 கி.மீ. வேகத்துக்குள் அடுத்த கடை வரை போவதற்கு மட்டும்தான். கடையில் அதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே கழுவித் துடைக்காமல் பேட்ச் ஒட்டாது, காற்றழுத்த சென்சார் இருந்தால் அதன் துளையும் அடைபட்டிருக்கலாம். இந்தியாவில் 2020-ல் விதி திருத்தப்பட்ட பிறகு, டியூப்லெஸ் டயரும் பழுதுபார்க்கும் கிட்டும் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியும் உள்ள கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இனி யாரிடம் கொடுப்பது? பெரிய டயர் ஷோரூமில் கழற்றும் மெஷின் இருக்கும், பேலன்சிங் இருக்கும், பில் கிடைக்கும். ஆனால் ஒட்டக்கூடிய டயரையும் ‘மாத்திடுங்க’ என்று சொல்லும் ஆசை அங்கே உண்டு. கெட்ட இடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் நம்பலாம். சாலையோரக் கடைகளில் நேர்த்தியான கைவேலைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் கடப்பாரையால் நெம்பினால் அலாய் விளிம்பும், ரிம்மில் பதிந்து உட்காரும் டயரின் ஓரமான பீடும் அடிபடும். அலாய் சக்கரம் என்றால் மெஷின் உள்ள கடைக்கே போங்கள். வீட்டுக்கே வருபவர்களில் பெரும்பாலோர் ஸ்ட்ரிப்தான் போடுவார்கள். மஷ்ரூம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் நடக்கும் ஏமாற்று ஒன்று உண்டு. ஒரு ஆணிக்காகப் போனவரிடம் நாலு பஞ்சர் என்பார்கள். சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே, துணிக்குள் மறைத்த கூரான ஊசியால் புதிய ஓட்டை போடுவார்கள். காரை விட்டு இறங்கி சக்கரத்தின் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒட்டும் முன்பே முழு டயருக்கும் சோப்புத் தண்ணீர் அடிக்கச் சொல்லி, குமிழ் வரும் ஒவ்வொரு இடத்தையும் சாக்பீஸால் நீங்களே வட்டமிடுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பஞ்சருக்கு எவ்வளவு என்பதை அப்போதே பேசிவிடுங்கள். ஓடுகிற உங்கள் வண்டியைப் பக்கத்தில் பைக்கில் வருபவர் கைகாட்டி ‘பஞ்சர்’ என்றால், ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பாருங்கள். ஆணி தெரிந்தாலும் காற்று இறங்காவிட்டால் பிடுங்க வேண்டாம். அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நம்பகமான கடைக்குப் போங்கள்.

நல்ல கடையில் வால்வையும் பார்ப்பார்கள். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை வால்வு வாயில் விட்டால் போதும்; பஞ்சர் என்று நினைத்த பல டயர்களில் கசிவது வால்வு முள்ளாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் காற்றை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி அடிக்கச் சொல்லுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும், ஒரே சுற்றாக வரிசையில் முடுக்கக்கூடாது, 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அதேபோல் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் காற்றடித்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். அதே கடைக்குக் கொண்டுபோய், டயரைக் கழற்றி பேட்சின் ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.