தெர்மல் கேமரா என்று விற்கிறார்கள், சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள்

களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். காட்டுப்பன்றிக்காக ராத்திரிக் காவல் கிடக்கிற நம்மிடம், உடம்புச் சூட்டை வைத்தே காட்டும் தெர்மல் கேமரா என்று சொல்லி, சாதாரண நைட் விஷன் கேமராவைத் தலையில் கட்டுகிறார்கள். திருநெல்வேலியில் ஒரு கடையில் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

கடையில் விளக்கை அணைத்துவிட்டு என் கையைத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் காட்டினார்கள். தோட்டத்தில் வைத்தால் முன்வரிசை வாழை மட்டும்தான் தெரிகிறது, அதற்கு அப்பால் ஒரே கறுப்பு. பன்றி புகுந்து கிழங்கைத் தோண்டிப் போட்டது விடிந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வருஷ உழைப்பு அது.

அந்தக் கேமராவுக்கு வெப்பமே தெரியாது. லென்ஸைச் சுற்றி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் 850 நானோமீட்டர் எல்இடி விளக்குகள் இருக்கின்றன. இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கின சிவப்பாகத் தெரியும். அந்த ஒளி பட்டுத் திரும்புவதைத்தான் உள்ளே இருக்கும் சிலிக்கான் சென்சார் படமாக்குகிறது. ஒளி எட்டாத இடம் இருட்டுதான். ஆரஞ்சு நிறம் மென்பொருள் பூசியது. அசல் தெர்மல் கேமராவுக்கு எந்த விளக்கும் வேண்டாம். பன்றியின் உடம்பு தானாக வெளிவிடும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீள வெப்பக் கதிரை, மைக்ரோபோலோமீட்டர் என்ற வெப்பம் உணரும் சென்சார் பிடிக்கும். சாதாரணக் கண்ணாடியை அந்தக் கதிர் தாண்டாது. அதனால் லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள், விலை ஏற அதுவும் ஒரு காரணம்.

கடையிலேயே சோதித்துவிடலாம். உள்ளங்கையைச் சுவரில் கொஞ்ச நேரம் அழுத்தி எடுங்கள். தெர்மல் என்றால் கைத்தடம் சில நொடி திரையில் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு செய்தித்தாளைக் காட்டுங்கள். எழுத்தை வாசிக்க முடிந்தால் அது தெர்மல் இல்லை. மூடின கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிந்தாலும் அப்படித்தான்.

திருப்பிக் கொண்டுபோனபோது, "பெட்டியைப் பிரிச்சா எடுக்க மாட்டோம் அண்ணாச்சி, பில்லைப் பாருங்க" என்றார்கள். பில்லில் வெறுமனே கேமரா என்று இருந்தது. ஆனால் வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் தெர்மல் என்று அவர்களே எழுதி அனுப்பியது என்னிடம் இருக்கிறது. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். திருக்குறுங்குடி, மாவடி பக்கம் இதே மாதிரி வாங்கினவர்கள் இருந்தால் பில்லையும் மெசேஜையும் அழிக்காமல் வையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டும் புகாரைப் பதிவு பண்ணலாம்.