முதல் தவணையில் துவண்டுபோன குழந்தைக்கு அடுத்த தவணை: ஓர் அரசு மருத்துவமனையின் ஆலோசனைச் சேவை

தடுப்பூசிக்குப் பின் கடுமையான விளைவு ஏற்பட்ட கைக்குழந்தைக்கு அடுத்த தவணையைப் போடலாமா, வேறு ஊசிக்கு மாற வேண்டுமா என்று யாரிடம் கேட்பது என்பதை, அப்படியொரு நிலை வரும்வரை பெற்றோர் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தென் மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் எங்கள் மகளுக்குக் கிடைத்த ஆலோசனையைப் பற்றி, அதே கலக்கத்தில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஆறாவது வார ஊசியை எல்லாரையும் போலப் புதன்கிழமையன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டோம். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று, நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தை திடீரென்று வெளிறி, கை கால் துவண்டு, கூப்பிட்டாலும் தொட்டாலும் கண்ணைத் திருப்பாமல் கிடந்தாள். சில நிமிடங்களில் நிறம் திரும்பியது. இரவுக்குள் பால் குடித்தாள். தூக்கிக்கொண்டு ஓடிய தனியார் மருத்துவமனையில் நன்றாகவே கவனித்தார்கள். ஆனால் மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது, நடந்தது என்னவென்று சொல்லாமல், "இந்தக் குழந்தைக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது, இனிமேல் போடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். எந்த ஊசி, அதிலுள்ள எந்தப் பொருள், எத்தனை காலத்துக்கு என்று நாங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று அவளுக்குப் பெண்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி), நியூமோகாக்கல் (நிமோனியாத் தடுப்பு), போலியோ ஊசி ஆகியவற்றோடு ரோட்டா வைரஸ், போலியோ சொட்டு மருந்துகளும் தரப்பட்டிருந்தன. அத்தனையையும் ஒரே சொல்லில் விலக்கிவிடும் அறிவுரை எங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றவில்லை.

மருத்துவக் கல்லூரியில் எங்களைப் பார்த்த உதவிப் பேராசிரியர் முதலில் எந்தக் கருத்தும் சொல்லாமல் கேள்விகளாகவே கேட்டார். ஊசி போட்ட நேரம் என்ன, துவண்டது எத்தனை மணிக்கு, உதடு நீலமானதா அல்லது வெளிறியதா, கை கால் வெட்டி இழுத்ததா, உடம்பில் தடிப்பு எழுந்ததா, முகம் வீங்கியதா, மூச்சில் இரைச்சல் இருந்ததா, எத்தனை டிகிரி காய்ச்சல், அதற்கு முந்தைய பால் எப்போது என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஒவ்வொரு பதிலும் ஒரு வாய்ப்பைச் சேர்த்தது அல்லது நீக்கியது. தடிப்பும் வீக்கமும் இரைச்சலும் இல்லாததோடு, ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்தே இது நடந்ததால், அனாஃபிலாக்சிஸ் எனப்படும் உயிராபத்தான ஒவ்வாமைக்குப் பொருந்தவில்லை என்றார். வலிப்பும் இல்லை, தொடர்ந்த மயக்கமும் இல்லை என்பதால் மூளைப் பாதிப்பாகவும் அவர் கருதவில்லை.

நடந்ததற்கு அவர் சொன்ன பெயர் எச்.எச்.இ. (ஹைப்போடோனிக்-ஹைப்போரெஸ்பான்சிவ் எபிசோட், அதாவது துவண்டு பதில் தராமல் கிடக்கும் நிகழ்வு). குழந்தை திடீரென்று துவளுதல், வெளிறுதல் அல்லது நீலம் பாய்தல், அழைப்புக்குப் பதில் தராமை ஆகிய மூன்றும் சேர்ந்து, ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வரும் இந்த நிகழ்வு, முழுச்செல் கக்குவான் இருமல் பாகம் (கொல்லப்பட்ட முழுக் கிருமி) உள்ள, பெண்டாவேலன்ட் போன்ற ஊசிகளுக்குப் பின் அரிதாக நேர்வதாகப் பல ஆண்டுகளாகவே பதிவாகியிருக்கிறது. பார்க்கிறவர்களின் உயிரைப் பிடுங்கும் காட்சி அது. ஆனாலும் குழந்தைகள் தாமாகவே மீண்டுவிடுகிறார்கள், அடுத்த தவணையில் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. முந்தைய தவணைக்கு அனாஃபிலாக்சிஸ் வந்திருந்தாலோ, 7 நாட்களுக்குள் வேறு காரணம் சொல்ல முடியாத மூளைப் பாதிப்பு ஏற்பட்டிருந்தாலோ கக்குவான் பாகத்தை நிறுத்துவார்கள் என்றும், எச்.எச்.இ. எச்சரிக்கையோடு தொடர வேண்டிய நிலையே தவிர நிறுத்த வேண்டிய நிலை அல்ல என்றும் அவர் பிரித்துச் சொன்னபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பிறகு இரண்டு வழிகளை எங்கள் முன் வைத்தார். அதே பெண்டாவேலன்டை மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்துப் போடலாம். அல்லது மக்கள் 'வலியில்லா ஊசி' என்று சொல்லும், செல் நீக்கிய கக்குவான் பாகமுள்ள (முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில புரதங்கள் மட்டும் சேர்த்த) ஊசிக்கு மாறலாம். இரண்டாவது வழியில் காய்ச்சலும் இத்தகைய விளைவுகளும் குறைவு. முழுச்செல் ஊசியால் கடும் விளைவு கண்ட குழந்தைக்கு அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும் இடம் தருகிறது. ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் குறைகிறது என்பதையும், அரசு மருத்துவமனையில் அது கிடைக்காது, வெளியே ஆயிரக்கணக்கில் செலவாகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கக்குவானை மட்டும் விட்டுவிடலாமா என்று என் மாமியார் கேட்டதற்கு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் அந்த இருமல் அதிகம் கொல்கிறது என்று அமைதியாக விளக்கினார். ஜப்பான் இதே கேள்விக்கு ஒரு நாடாகவே பதில் தேடியதை நான் பின்னர் படித்தேன். 1975இல் ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்ததாகக் கூறி அங்கே அந்த ஊசியை நிறுத்திவைத்தார்கள். 1979இல் சுமார் 13,000 பேருக்குக் கக்குவான் வந்து 41 பேர் இறந்தனர். 1981இல் செல் நீக்கிய ஊசியைக் கொண்டுவந்து மீண்டார்கள். ஊசி வேண்டாம் என்று சொல்லும் எந்த உறவினருக்கும் நான் இந்த வரலாற்றைச் சொல்வேன்.

நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஊசியைக் குளிர்ச்சி குறையாமல் வாங்கி வரச் சொல்லி, வார்டிலேயே போட்டு, அன்றிரவு முழுவதும் கண்காணித்தார்கள். லேசான காய்ச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே தர வேண்டாம், வந்தால் எடைக்கேற்ற அளவு தரலாம் என்றார்கள். இடைவெளி நீண்டுவிட்டதே, முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்ற எங்கள் கவலைக்கும் தெளிவான பதில் கிடைத்தது: விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

இந்தப் பிரிவு செய்த இன்னொரு நல்ல காரியம், நடந்ததைத் தடுப்பூசி அட்டையில் தேதியோடும் நேரத்தோடும் ஊசியின் தொகுதி எண்ணோடும் எழுதித் தந்ததும், தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகமான நிகழ்வாக மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பியதும் ஆகும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்த மாநிலம் இது; அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு நிகழ்வும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் பார்த்த தனியார் மருத்துவமனை இதைச் செய்திருக்க வேண்டும். பெற்றோரும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருந்து விளைவுகளைத் தெரிவிக்கலாம் என்பதை அங்கேதான் அறிந்தோம்.

குறைகள் உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கவே காலை முழுவதும் போகிறது. இருமலும் சளியுமாக வந்த பிள்ளைகளுக்கு நடுவில் சின்னக் குழந்தையை மடியில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பாலூட்ட மறைவான இடம் தேடி அலைந்தோம். அனுப்பிய அறிக்கை என்னவாயிற்று என்று இதுவரை யாரும் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதுகூட இல்லாதது பெரிய குறை.

இதே நிலையில் இருப்பவர்கள் தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சுருக்கம், நடந்ததை மணிக்கணக்கோடு எழுதிய தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் காணொளி எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். மூன்றாவது தவணைக்கும், 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊக்கத் தவணைக்கும் இதே பிரிவுக்குத்தான் மகளை அழைத்துச் செல்லப் போகிறோம்.