உடுக்கைச் சத்தத்தைத் தின்ற வயர்லெஸ் மைக்

கோயில் பாட்டு, கூத்து என்று நேரடியாகப் பதிவு செய்கிறவர்கள் சின்ன வயர்லெஸ் மைக் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் பொன்னர் சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையான அண்ணன்மார் கதை பாடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். உடுக்கையும் அவரே அடிப்பார். 1965-லேயே பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் இந்தப் பக்கத்துக் கிராமத்தில் தங்கி இந்தக் கதையை டேப்பில் பிடித்துவைத்தார். எங்கள் பெரியவரின் குரலும் அப்படி நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோவை காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். ரோட் வயர்லெஸ் ப்ரோ, டிஜேஐ மைக் 2 இரண்டிலும் சட்டையில் மாட்டும் மைக்கே தனியாகப் பதிவு செய்துகொள்ளும், அதுவும் சத்தம் திடீரென ஏறினாலும் பதிவு உடையாத 32 பிட் ஃப்ளோட் முறையில். சிக்னல் அறுந்தாலும் மைக்குக்குள் ஃபைல் இருக்கும். அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். “அதே வசதிதானுங்ணா, விலை பாதிக்கும் கம்மி. உள்ளேயே ரெக்கார்டு ஆயிருமுங்க” என்றார். “ஹலோ, ஹலோ” என்று பேசிக் காட்டினார், தெளிவாகக் கேட்டது. 9,500 ரூபாய் கொடுத்தேன்.

அன்றிரவு கோயில் வாசலில் நல்ல கூட்டம். இந்த மைக்குகள் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், வைஃபையும் புளூடூத்தும் அதே இடம்தான். மனித உடம்பும் அந்த அலையை உறிஞ்சும். பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தது. முப்பதடி தூரத்தில், நடுவே ஆட்கள் வந்ததும் குரல் துண்டு துண்டானது. சரி, மைக்குக்குள் ஃபைல் இருக்குமே என்று தைரியமாக இருந்தேன்.

வீட்டில் கணினியில் செருகினால் சார்ஜ் மட்டும்தான் ஏறியது. அதில் பதிவு வசதியே கிடையாது. மைக்கின் சிக்னலை வாங்கும் ரிசீவர் வழியாக வந்ததிலும் உடுக்கையின் உறுமலைக் காணோம். இரைச்சல் குறைப்பு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்க வழியில்லை. பேச்சில்லாத எல்லாவற்றையும் அது இரைச்சலாக எடுத்துக்கொண்டு மென்றுவிட்டது. மறுநாள் பெரியவர், “என்ன கண்ணு, நல்லா விழுந்துச்சா?” என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கடையில் போய்க் கேட்டால், “உள்ளே ரெக்கார்டிங்னு நாங்க சொல்லவே இல்லீங்களே” என்கிறார்கள். பில்லில் ‘வயர்லெஸ் மைக் 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இல்லை. அது சட்டப்படி இருந்தாக வேண்டும், நான் பார்க்கவில்லை.

வாங்குகிறவர்கள் கடையிலேயே ரிசீவரை அணைத்துவிட்டு, மைக்கில் பதிவு செய்து, ஃபைலைத் திறந்து கேளுங்கள். பேசிப் பார்த்தால் போதாது. கைதட்டுங்கள், முடிந்தால் ஒரு பறையோ உடுக்கையோ கொண்டுபோய் அடித்துப் பாருங்கள். முதுகைக் காட்டித் தெரு வரைக்கும் நடந்து பாருங்கள். 32 பிட் என்றாலும் மைக்கின் தலையே தாங்காத சத்தம் உடையத்தான் செய்யும். அதனால் எத்தனை டெசிபல் தாங்கும் என்று கேளுங்கள். அப்புறம், சொன்ன வசதியை மாடல் பெயரோடு பில்லில் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பெரியவர் மறுபடி பாடுகிறேன் என்கிறார். ஆனால் அண்ணன்மார் போரில் மாண்டு விழும் படுகளக் கட்டத்தை ஊர் கூடும் இரவில்தான் பாடுவாராம். அதற்கு அடுத்த நோன்பு வர வேண்டும்.