துணி டயபர்: உறிஞ்சுவதைப் பார்த்து வாங்கினோம், காய்வதைப் பார்த்து மாற்றினோம்

துணி டயபர்தான் என்று முடிவானதும் நாங்கள் பார்த்தது மூன்றே விஷயம்: எவ்வளவு உறிஞ்சும், ஒழுகுமா, மாட்டுவது சுலபமா. எவ்வளவு நேரத்தில் காயும் என்று யோசிக்கவே இல்லை. துவைக்கிற வேலை என்னுடையது என்று முன்பே பேசி வைத்திருந்தும் எனக்கும் அது தோன்றவில்லை. மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. பாக்கெட், ஆல்-இன்-ஒன், கவரோடு சதுரத் துணி என்று மூன்றையும் மாதக்கணக்கில் துவைத்துக் காயப்போட்டுப் பார்த்தாயிற்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சதுரத் துணி கட்சி.

பெயர்கள்தான் மிரட்டும். எந்த வகையானாலும் உள்ளே இருப்பது இரண்டே சமாச்சாரம்: ஈரத்தை உறிஞ்சத் துணி, அது வெளியே வராமல் தடுக்க ஓர் உறை. உறை பெரும்பாலும் பியுஎல், அதாவது ஒரு பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர். இரண்டையும் சேர்த்தே தைத்திருந்தால் ஆல்-இன்-ஒன். உறையில் பை மாதிரி ஒரு திறப்பு வைத்து, அதற்குள் இன்சர்ட் என்கிற உறிஞ்சும் பட்டையைச் செருகினால் பாக்கெட். துணி தனி, உறை தனி என்றால் கவர் முறை. வெல்க்ரோவா, பிரஸ் பட்டனா என்பதற்கு நீண்ட விவாதமே தேவையில்லை. வெல்க்ரோ மாட்ட வேகம். ஆனால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு ஏறிப் பிடிப்பு போய்விடும். பட்டன் வாங்குங்கள்.

மாட்டுகிற வசதியில் ஆல்-இன்-ஒன்னை அடித்துக்கொள்ள முடியாது. யார் கையில் கொடுத்தாலும் மாட்டிவிடுவார்கள், கடையில் வாங்கித் தூக்கிப்போடும் டயபர் மாதிரியேதான். அதனால் நாங்கள் முதலில் வாங்கியதும் அதைத்தான். முதல் வாரம் சுகமாகப் போயிற்று. இரண்டாம் வாரம் ஒரு வாடை. நேற்றுக் காலை காயப்போட்டதை இன்று மதியம் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், மொடமொடவென்று இருந்தது. மடித்து அடுக்கிவிட்டேன். சாயங்காலம் மனைவி அதில் ஒன்றை எடுத்து, நடுவில் அடுக்குகள் தையலில் சேரும் இடத்தை இரண்டு விரலால் நசுக்கி, என் முன்னால் நீட்டினாள். தொட்டால் சில்லென்று இருந்தது. "இது உங்களுக்குக் காய்ஞ்ச துணியா?" என்றாள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். துணி காய்வது மேற்பரப்பிலிருந்து. ஆல்-இன்-ஒன்னில் நாலைந்து அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்திருக்கும். அதற்கும் மேல் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீரைத் தடுப்பதற்கென்றே செய்த படலம். ஈரம் வெளியேற மிச்சம் இருப்பது ஒரே பக்கம். எந்தக் குணத்துக்காகக் காசு கொடுத்து வாங்கினோமோ, அதுவே கொடியில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. நடுவில் தங்கும் ஈரத்தில் கிருமி வளர, துவைத்த துணியிலேயே முடைநாற்றம் அடிக்கும். நல்ல வெயிலில் தப்பித்துவிடலாம். நாலு நாள் மழை மூட்டம் என்றால் திண்டாட்டம்தான்.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. குழந்தைக்கு நாளைக்கு 8 டயபர் என்று வைத்துக்கொள்வோம் (பிறந்த புதிதில் 10, 12 கூடப் போகும்). இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்தால் அழுக்குக் கூடையில் சேர்வது 16. அந்த 16 காய இரண்டு நாள் ஆனால், அதுவரை ஓட்ட இன்னொரு 16 வேண்டும். ஆக 32. அதுவே காலையில் போட்டுச் சாயங்காலம் எடுக்கிற துணியானால் இருபது போதும். எத்தனை வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் கனமான துண்டு ஒன்று காய எவ்வளவு நேரமாகும் என்பதைத்தான்.

பாக்கெட் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. இன்சர்ட்டை உருவித் தனியாகக் காயப்போடலாம், உறை கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். தோலில் படும் பக்கம் ஃப்ளீஸ் என்கிற மெல்லிய பாலியஸ்டர் துணி இருப்பதால் குழந்தைக்கு ஈரம் அவ்வளவாகத் தெரியாது. அதற்கு ஈடாக, மூத்திரத்தில் ஊறிய பட்டையை வெறுங்கையால் உருவ வேண்டும், காய்ந்ததை மறுபடி ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். கூடவே வரும் இன்சர்ட் எதனால் ஆனது என்றும் பாருங்கள். மைக்ரோஃபைபர் என்றால் சட்டென்று உறிஞ்சும், சட்டென்று காயும், அழுத்தினால் சட்டென்று கக்கியும் விடும். பாப்பாவைப் பத்து நிமிஷம் மடியில் உட்கார வைத்தேன், என் பேன்ட்டில் தொடை வரை ஈரம். டயபரைக் கழற்றினால் இன்சர்ட்டின் முன்பாதி நனையவே இல்லை! மைக்ரோஃபைபரை நேராகத் தோலில் படும்படி வைக்கவும் கூடாது, தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சி வறட்டிவிடும். மூங்கில் கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இன்சர்ட் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் காயும். என்னிடம் இருந்தது இரண்டே இரண்டு என்பதால் அதைப் பற்றி அதிகம் அளக்கவில்லை.

இனி நம்ம கட்சி. ஏறக்குறைய 70 செ.மீ. சதுரம், ஒற்றை அடுக்குப் பருத்தி. பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதை நாலாக மடித்து, பிறகு பட்டையாக மூன்றாக மடித்தால் பன்னிரண்டு அடுக்கு. கொடியில் விரித்தால் மறுபடி ஒன்றே ஒன்று. உறிஞ்சும்போது கனமாகவும் காயும்போது மெலிசாகவும் இருக்கிற துணி வேறு எங்கே கிடைக்கும்? மழை நாளில் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே போட்டாலும் காய்ந்துவிடுகிறது. எங்கே ஈரம் ஒளிந்திருக்கிறதோ என்று நசுக்கிப் பார்க்கும் வேலையும் இல்லை. மலம் படாதவரை கவரை ஈரத் துணியால் துடைத்துக் காற்றாட விட்டு, அடுத்த முறையும் போடலாம். ஐந்தாறு கவரை வைத்தே நாங்கள் வண்டி ஓட்டினோம்.

ஆரம்பத்தில் இதுவும் ஏமாற்றியது. புதுத் துணியை ஒருமுறை அலசி மாட்டியதும் ஒழுகியது. மேசையில் விரித்து ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக உருண்டது. வெளுக்காத பருத்தியில் இயற்கையாக உள்ள எண்ணெயும் மெழுகும் போகும்வரை அப்படித்தான். நாலைந்து முறை சோப்புத்தூள் போட்டுத் துவைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அது நாரின் மேல் படிந்து உறிஞ்சும் சக்தியைக் குறைத்துவிடும். தடித்த டயபர் களிம்பு பூசினாலும் அதே வம்பு. அந்த நாட்களில் மேலே ஒரு லைனர், அதாவது தோலுக்கும் டயபருக்கும் நடுவே வைக்கும் மெல்லிய விரிப்பு, போட்டுக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஈரம் நேராகத் தோலில் படும் என்பதால் உடனுக்குடன் மாற்ற வேண்டும், அல்லது மேலே ஒரு ஃப்ளீஸ் துண்டு வைக்க வேண்டும். மடிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் கோமணம் மாதிரி கட்டி அனுப்புவார்கள். பாப்பா தவழ ஆரம்பித்த பிறகு ஊக்கு குத்திக் கட்டுவது குஸ்திதான். பட்டையாக மடித்துக் கவருக்குள் வைத்து மூடுவதோடு நிறுத்திக்கொண்டோம். வெளியே போகும்போது இன்றும் ஆல்-இன்-ஒன்தான் பையில் இருக்கும். ராத்திரிக்கு இரண்டு சதுரத்தைச் சேர்த்து மடித்துப் பார்த்தோம், விடியற்காலை நாலு மணிக்கு மேல் தாங்கவில்லை. அதனால் ராத்திரி மட்டும் தூக்கிப்போடும் டயபர். கம்பளிக் கவர் ராத்திரிக்கு நன்றாகத் தாங்கும் என்பார்கள், நாங்கள் அதை முயன்றதில்லை.

வீட்டில் டிரையர் இருப்பவர்களிடம் என் வாதம் பாதி எடுபடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதிகச் சூடு பட்டால் பியுஎல் படலமும் காலைச் சுற்றிய இலாஸ்டிக்கும் சீக்கிரம் போய்விடும். சுற்றுச்சூழலுக்காகத் துணிக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி: பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, துணி டயபரின் ஆதாயம் துவைத்து உலர்த்தும் முறையைப் பொறுத்தது என்றே சொல்கிறது. இயந்திரம் நிறையத் துணி போட்டு, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் நன்மை. 60 டிகிரிக்கு மேல் துவைத்து டிரையரில் போட்டால் அந்த நன்மை கைவிட்டுப் போகலாம்.

யாராவது பயன்படுத்தியதை வாங்குவதானால், சதுரத் துணியில் பார்க்க ஒன்றுமில்லை, ஓட்டை இல்லாவிட்டால் சரி. கவரிலும் ஆல்-இன்-ஒன்னிலும் கால் இலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். தொளதொளவென்று நின்றுவிட்டால் வேண்டாம். உள்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள்; படலம் துணியை விட்டுப் பிரிந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் அந்தக் கவர் இனி எதையும் தடுக்காது.