யாபுகிதாவா, சாயேமிதோரியா?

சென்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேநீரை வாங்கும்போது ஷிசுவோகாவா, ககோஷிமாவா என்று ஊரைப் பார்க்கிறவர்கள் அதிகம். நான் முதலில் பார்ப்பது செடியின் ரகத்தை.

ஜப்பானியத் தேயிலைப் பரப்பில் பத்துக்குச் சுமார் ஏழு பங்கு யாபுகிதாதான். ஷிசுவோகாவின் சுகியாமா ஹிகோசபுரோ 1908இல் தேர்ந்தெடுத்த ஒரு செடியிலிருந்து வந்தது; 1953இல் அரசுப் பதிவு பெற்றது. தேயிலையில் விதை போட்டால் பிள்ளை தாயைப் போல வராது. அதனால் குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். ஆக, இத்தனை தோட்டங்களும் அந்த ஒற்றைச் செடியின் நகல்கள். பனியைத் தாங்கும், நல்ல விளைச்சல் தரும். விவசாயி வேறென்ன கேட்பார்? ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் துளிர்த்துவிடுவதால் பறிப்பும் ஆலையும் திணறும். இலையில் வரும் பூஞ்சை நோய்க்கும் இது சீக்கிரம் இடம் கொடுக்கும்.

சாயேமிதோரி இதன் பிள்ளை. யாபுகிதாவை அசாத்சுயு என்ற ரகத்தோடு கலந்து, தெற்கே ககோஷிமாவின் மகுராசாகியில் உருவாக்கினார்கள், பதிவு 1990இல். அசாத்சுயுவுக்கு ‘இயற்கை கியோகுரோ’ என்று பட்டப்பெயர் உண்டு; கியோகுரோ என்பது நிழலில் வளர்த்த, இனிப்பான உயர்ரகத் தேநீர். அந்தச் சுவையை வாங்கிக்கொண்ட பிள்ளை, யாபுகிதாவுக்குச் சில நாள் முந்தியே துளிர்விடும். அதுவே வினையும்கூட: பின்பனி விழுந்தால் முதலில் கருகுவது இதுதான். குளிர் குறைந்த ககோஷிமாவில் இது பரவியதற்குக் காரணம் இருக்கிறது.

சரி, கோப்பைக்கு வருவோம். இரண்டுக்கும் 5 கிராம் இலை, 200 மில்லி நீர், 70 டிகிரி, ஒரு நிமிடம். யாபுகிதா மஞ்சள் கலந்த பச்சையாக இறங்கும். பச்சைப்புல் வாசனை, கொஞ்சம் உமாமி (காளான், சூப்பில் வரும் நாவில் நிற்கும் ருசி), விழுங்கியதும் நாக்கின் ஓரங்களைப் பிடிக்கும் துவர்ப்பு. சாயேமிதோரியின் நிறமே வேறு, பளிச்சென்ற பச்சை. வேகவைத்த பட்டாணி போன்ற இனிப்பு. துவர்ப்பைத் தேட வேண்டும்.

காரணம் தியனைன். வேரில் உண்டாகி இலைக்கு ஏறும் இந்த அமினோ அமிலம்தான் உமாமி தருவது. வெயில் பட்டால் இதிலிருந்து துவர்ப்பு தரும் கேட்டகின்கள் உருவாகும். சாயேமிதோரியில் பிறவியிலேயே அமினோ அமிலம் அதிகம், கேட்டகின் குறைவு. ஆனால் ரகம் மட்டுமே எல்லாம் செய்துவிடாது. பறிப்பதற்கு முன் நிழல்வலை போட்டு வளர்த்த யாபுகிதாவும் இந்த இனிப்பை ஓரளவு எட்டிப்பிடிக்கும். பறித்தபின் ஆலையில் அதிக நேரம் ஆவியில் வேகவைத்த இலையில் ரக வித்தியாசம் பாதி மறைந்தே போகும்.

முதல் கோப்பையில் சாயேமிதோரிதான் ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் தினமும் குடிக்க, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, எனக்கு யாபுகிதா. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பின் வாயைச் சுத்தமாக்க அந்தத் துவர்ப்பு வேண்டும். அப்புறம், வாசனைப் பிரியர்கள் இரண்டையும் விட்டுவிட்டு சோஃபூவைத் தேடலாம். மணிப்பூர் விதையின் வழிவந்த இன்சாத்சு 131ஐ யாபுகிதாவோடு கலந்து பிறந்தது அது. பச்சைத் தேநீரில் பூ மணக்கும்.

சாயேமிதோரியை வாங்கினால் கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். 60 டிகிரி போதும். ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் நல்லது. யாபுகிதா 80 டிகிரியையும் பொறுத்துக்கொள்ளும்.