மூன்று வருடம், ஒரு ஹேண்ட்பிரேக்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து கூட்டாளி ஒருத்தன் கூப்பிட்டான். “மாப்ள, மாருதி ஜென் ஒண்ணு கம்மி விலைக்கு வருது, கோன் ஓட்டறதுக்கு எடுத்துப் போடட்டுமா?” வேறு எந்த வாரம் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் எடுடா என்றிருப்பேன். அன்றைக்கென்று பார்த்து நான் மூன்று கோனை (ரோட்டில் தடுப்புக்கு வைப்பார்களே, அந்தக் கூம்பு) தட்டிவிட்டு வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கோயம்புத்தூரில் ரேஸ் என்றாலே செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயும், 2005ல் எஃப்1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எங்களுடையது அந்த ரகம் இல்லை. சூலூர்ப் பக்கம் ஓடாமல் கிடக்கிற ஸ்பின்னிங் மில் ஒன்றின் சிமெண்ட் தளம் (ஓனர் பையன் எங்கள் செட்டு), இருபது கோன், ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். முதலில் நடந்து பார்த்துப் பாதையை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், அப்புறம் கோன்களைச் சுற்றி ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்ப்போம், இரண்டாவது கியருக்கு மேல் யாரும் போவதில்லை. கோனைத் தட்டினால் 5 விநாடி கூட்டிவிடுவோம். அமெரிக்காவில் இதையே ஆட்டோகிராஸ் என்று நடத்துகிறார்கள், அங்கே பெரும்பாலும் 2 விநாடிதான் அபராதம். நம் பக்கம் ஆட்டோகிராஸ் என்றால் மண்ணில் புழுதி பறக்க ஓட்டுவது, அது வேறு.

இதற்கு ஜென் மாதிரி வண்டி கிடையாது, அதில் மாற்றமே இல்லை. எடை 800 கிலோ கூட வராது, 993 சிசி எஞ்சின் மிதித்த மிதிக்குக் கேட்கும். என்னுடையது 2001 மாடல், பவர் ஸ்டீயரிங் இல்லை, அதுவே ஒரு சுகம், முன் டயர் எப்போது வழுக்கப் போகிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பின் டயரில் கொஞ்சம் காற்றைக் கூட்டிவைத்து, கோனுக்கு ஒரு கை தூரத்தில் ஸ்டீயரிங்கை வெட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின் சக்கரங்கள் பூட்டி, பின்பக்கம் தானாகச் சுற்றி வந்து நிற்கும்.

இடது பக்கம் மட்டும்.

வலது பக்கம் திருப்பினால் பாதி சுற்றி முறைத்துக்கொண்டு நிற்கும். இதோடுதான் மூன்று வருடம் குடும்பம் நடத்தினேன். வழக்கமாகப் போகிற மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் “கேபிள் போயிருச்சுங்க” என்பார். கேபிள் இரண்டு தடவை மாற்றினேன், பிரேக் ஷூ மாற்றினேன், கணபதியில் லேத்தில் கொடுத்து பிரேக் டிரம்மைக் கடைந்தேன். கால் பிரேக் பிசகாமல் பிடிக்கும். மருதமலை ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் அசையாமல் நிற்கும், அதனால் நான் சொல்வதை ஒருத்தரும் நம்பவில்லை. இடது சக்கரம் ஒன்றே மொத்த வண்டியையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது என்பது போன மாதம்தான் தெரிந்தது. வலது டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுகிற சின்ன லீவர், அது அசைகிற முளையில் துருவேறி பாதி வழியில் இறுகிக் கிடந்திருக்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இரண்டு மழைக்காலம் வண்டியைத் தென்னந்தோப்பில் போட்டுவைத்திருந்தார், அந்த வரவு. கண்டுபிடித்தது மெக்கானிக் இல்லை, அதே லேத் பட்டறை அண்ணன். கழற்றி, மணல் தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்று வருடத்தில் நான் செலவழித்ததை அவரிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

சரி, இனி ராஜாதான் என்று போன ஞாயிறு இறக்கினால், வலது பக்கம் கோனைத் தட்டுகிறேன். முதல் ஓட்டத்தில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. சுற்றாத வண்டியைச் சுற்றவைக்க இத்தனை நாளும் வலது பக்கம் மட்டும் சீக்கிரமே வெட்டி, முன்னதாகவே இழுத்து, கொஞ்சம் கூடுதல் வேகத்தில் போய்ப் பழகியிருக்கிறேன், அது எனக்கே தெரியாது. இப்போது இரண்டு சக்கரமும் பூட்டுகிறது, கை பழையபடியே இழுக்கிறது, பின்பக்கம் தேவைக்கு மேல் சுற்றிப் போய்க் கோனைப் பெருக்கிவிடுகிறது. ரிப்பேருக்கு முன்னால் 48 விநாடியில் முடித்த அதே பாதைக்கு இப்போது அபராதத்தோடு 57. இதைவிடப் பழைய துருவே தேவலை.

அதனால் பொள்ளாச்சிக் கூட்டாளியிடம் எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். வயசான வண்டி, எது எங்கே துருப்பிடித்திருக்கும் என்று யாருக்குத் தெரியும், 2006லேயே நிறுத்திவிட்டார்கள், பேசாமல் ஒரு பழைய ஸ்விஃப்ட்டைப் பார் என்றேன். அவன் உம் கொட்டினான். வைக்கும்போது, அந்த ஜென் ஓனர் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். ஸ்பேருக்கு ஆகும்.