இரண்டு ஆண்டுகள் இழுத்துச் சென்ற வீடு: ஒற்றை அச்சு கேம்பிங் டிரெய்லர் ஒன்றின் மதிப்பீடு

கடந்த இரண்டு ஆண்டுகளில் நானும் என் கணவரும் ஏறத்தாழ இருநூறு இரவுகளை, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரே கேம்பிங் டிரெய்லரில் கழித்திருக்கிறோம். 5 மீட்டர் நீள உடல், ஒற்றை அச்சு, வெற்று எடை 1,100 கிலோ, சாமான்களோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,500 கிலோ. இருவர் படுக்கும் நிலையான கட்டில், மடக்கு மேசை, இரட்டை அடுப்பு, எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் குளிர்பெட்டி, கழற்றி எடுத்துச் சென்று காலி செய்யும் தொட்டியுடைய கழிப்பறை ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. வாங்கும்போது இந்த உள்ளமைப்பை மட்டுமே நாங்கள் பார்த்தோம். தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியை எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்கவில்லை.

முதல் நீண்ட பயணத்தில் 100 லிட்டர் தொட்டியை முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். நீண்ட இறக்கம் ஒன்றில் எங்களைக் கடந்து சென்ற பெரிய லாரி தள்ளிய காற்றில் டிரெய்லரின் பின்பகுதி ஒருமுறை அசைந்தது. அந்த அசைவு அடங்காமல் இடமும் வலமுமாகப் பெருகி, காரின் பின்சக்கரங்களையே பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கியது. என் கணவர் காரின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் கைவிசையை அழுத்தினார். டிரெய்லர் பின்னோக்கி இழுபட்டு மெல்ல நேரானது. இந்த வாகனத்தை ஓட்டப்போகிற எவரும் முதல் நாளே அந்த விசை இருக்கும் இடத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் எடை மேடையைத் தேடிச் சென்றோம். இழுக்கப்படும் வண்டி நேராக ஓட வேண்டுமானால் அதன் எடையில் ஒரு பங்கு முன்னாலுள்ள இணைப்புக் கொக்கியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்; மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று இதன் கையேடு சொல்கிறது. டிரெய்லரை இணைத்தபடி காரின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறையும், இணைப்பைக் கழற்றிய பிறகு காரை மட்டும் நிறுத்தி ஒருமுறையும் எடை பார்த்தால் கிடைக்கிற வித்தியாசமே அந்த அழுத்தம். தொட்டி காலியாக இருந்தபோது டிரெய்லர் 1,400 கிலோ, கொக்கியின் மேல் 170 கிலோ. அதாவது 12 சதவீதம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தொட்டியை நிரப்பியதும் டிரெய்லரின் எடை 1,500 கிலோவாக உயர்ந்தது, கொக்கியின் மேலிருந்த எடையோ 137 கிலோவாக இறங்கி 9 சதவீதத்தைத் தொட்டது. தொட்டியின் நடுப்பகுதி அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. கொக்கி அச்சுக்கு 3.6 மீட்டர் முன்னால் இருக்கிறது. எனவே பின்னால் ஏறும் ஒவ்வொரு 3 கிலோ தண்ணீரும் முன்னால் 1 கிலோவைத் தூக்கிவிடுகிறது. குழந்தைகள் ஆடும் சீசாப் பலகையின் கணக்குதான் இது. தயாரித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இருந்தும் கையேட்டில் ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது 20 லிட்டர் தண்ணீரோடு மட்டுமே சாலையில் செல்கிறோம், மீதியைத் தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்கிறோம். அரிசி, கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலிகள் போன்ற கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக வைக்கிறோம். அதன் பிறகு எத்தனையோ லாரிகள் கடந்து போயும் டிரெய்லர் பிடிவாதமாக நேராகவே வருகிறது. சரியாகச் சுமை ஏற்றினால் இதன் ஓட்டம் மிக நல்லது என்பதை மனமாரச் சொல்கிறேன்.

குளிர்பெட்டி அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர்விக்கும் வகையைச் சேர்ந்தது. அதில் பம்பு கிடையாது, திரவம் தன் எடையாலேயே வழிந்து இறங்க வேண்டும். ஆகவே வண்டி சாய்ந்து நின்றால் குளிர்ச்சி வராது, நெடுநேரம் சாய்ந்தே இயங்கினால் பெட்டியே கெட்டுவிடும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்ததும் நான் முதலில் எடுப்பது ரசமட்டத்தைத்தான். 12 வோல்ட் பேட்டரியில் இயக்கினால் அது ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 ஆம்பியர்-மணி (பேட்டரியின் மின்னிருப்பை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் குடிக்கிறது. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுப்பது நல்லது என்பதால், நின்ற இடத்தில் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. ஓடும்போது காரின் மின்சாரம், நின்றதும் எரிவாயு என்ற ஒழுங்கில் வைத்திருந்தால் சிக்கலே இல்லை. சிலிண்டரில் புரொப்பேன் இருப்பது நல்லது. பியூட்டேன் உறைநிலைக்கு அருகில் ஆவியாக மறுத்துவிடும் என்பதால், குளிர்ந்த விடியலில் அடுப்பும் எரியாது, காப்பியும் கிடைக்காது.

இரண்டாவது குறை, கூரை. இரண்டாம் மழைக்காலத்தில், கட்டிலுக்கு மேலுள்ள காற்றுச் சாளரத்தின் மூலையில் பழுப்பு நிறக் கறை ஒன்று தெரிந்தது. முதலில் அதை மூச்சின் ஈரம் என்றே நினைத்தேன். மூடிய அறையில் இருவர் உறங்கினாலே கண்ணாடியில் நீர் கோக்கும், அதோடு 1 கிலோ புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோவுக்கு மேல் நீராவி வெளியாகிறது. ஆனால் சாளரத்தைத் திறந்துவைத்துச் சமைத்தும், அடுத்த மழைக்குக் கறை விரிந்தது. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் நாடா ஒரு மூலையில் ஒட்டவே இல்லை, கூரைக்குள்ளிருந்த மரச்சட்டம் விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு ஊறியிருந்தது. விற்பனையாளர் பொறுப்பேற்கவில்லை. நாங்களே மரத்தை உலர்த்தி, மெலிந்த துண்டை மாற்றி, புதிய நாடா ஒட்டி, மேலே கூரைப் பசையும் பூசினோம். சாலையில் நாள்முழுதும் குலுங்கும் வீட்டில் எந்த இணைப்பும் நிரந்தரமல்ல என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டுக் கூரையின் எல்லா ஓரங்களையும் பார்க்கிறேன்.

கழிப்பறைத் தொட்டி இருவருக்கு மூன்று நாள் போதுமானது, நாற்றமும் இல்லை. கட்டில் மிக நன்று; தலைமாட்டுச் சன்னலைத் திறந்தால் இரவு முழுதும் காற்று வருகிறது, அதற்காகவே இந்த டிரெய்லரை எனக்குப் பிடிக்கும்.

இரண்டு பேருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், நான்கு பேருக்கு வேண்டாம். நால்வரின் துணிமணிகளுக்கு இதில் எடை மிச்சமில்லை. பழையதாக வாங்குகிறவர்கள் டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும்: முதல் இரண்டு, தயாரித்த வாரம், அடுத்த இரண்டு, ஆண்டு. நெடுநாள் நின்ற டிரெய்லரில் டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் முதுமை அடைந்திருக்கும். பிறகு ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா, எவ்வளவு தூரத்தில் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விலை பேசுங்கள்.